டயரைக் கையால் தடவிப் பாருங்கள்: காருக்குள் வரும் இரைச்சலும் கோணல் தேய்மானமும்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அப்பாவைத் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குக் காது டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். ஒரு நடைக்கு 160 கிலோமீட்டர் பக்கம் வரும். போன வருஷம் ஒரு நாள், கங்கைகொண்டான் தாண்டியதும் பின்சீட்டில் இருந்த அப்பா காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "வண்டிச் சத்தம் மட்டும்தான் கேக்கு. நீ பேசுறது ஒண்ணும் கேக்கல" என்றார்.

அந்த வண்டியை எட்டு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். சத்தம் ஒரே நாளில் வந்திருந்தால் கவனித்திருப்பேன். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் காது பழகிவிட்டது. வண்டிக்கு வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். அப்பா மெஷினைக் கழற்றிய பிறகுதான் உறைத்தது. டயர் கடைக்குப் போனேன். முன்னால் இரண்டும் தேய்ந்துவிட்டது என்றார்கள், மாற்றினேன். சத்தம் லேசாகக் குறைந்தது, போகவில்லை. 6,000 கிலோமீட்டர் ஓடியதும் பார்த்தால் புது டயரில் இடது பக்கத்தது உள்ஓரத்தில் மட்டும் தேய ஆரம்பித்திருந்தது.

அந்த இரண்டு டயர் காசு எனக்கு ஒன்றைப் புரிய வைத்தது. கோணலாகத் தேய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் டயரை மாற்றினால், புது டயரும் அதே மாதிரிதான் தேயும். காரணத்தைத் தேட ஒரு வரிசையும் இருக்கிறது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனால் இதில் முக்கால்வாசி, யாரும் வீட்டு வாசலில் வைத்தே பார்க்கக்கூடியது.

முதலில் சத்தம் டயருடையதுதானா என்று தெரிய வேண்டும். ஆளில்லாத நேரமாகப் பார்த்து நெடுஞ்சாலையில் 80இல் போங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சத்தம் சட்டென்று மாறினால் அது இன்ஜின் பக்கத்து விஷயம். மாறாமல் அப்படியே இருந்து, வேகம் குறையக் குறையச் சத்தமும் இறங்கினால் சக்கரம் சம்பந்தப்பட்டது. சக்கரத்தில் இரண்டு பேர் மேல் சந்தேகம் வரும்: டயர், சக்கரம் உரசாமல் சுழல உள்ளே இருக்கிற பேரிங். இவற்றைப் பிரிக்கச் சாலையே உதவும். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறும்போது சத்தத்தின் குரலே மாறினால் அது டயர். பேரிங்குக்குத் தார், கான்கிரீட் என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, எங்கே போனாலும் ஒரே உறுமல்தான். இன்னொன்று, அகலமான காலி ரோட்டில் 50இல் போய்க்கொண்டே ஸ்டியரிங்கை மெதுவாக இடதுபக்கம் வளையுங்கள். வண்டியின் பாரம் வலது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலதுபக்கப் பேரிங்கைச் சந்தேகப்படலாம். வலதுபக்கம் வளைத்தால் இதற்கு நேர்மாறு.

இதையெல்லாம் ஓட்டுகிறவர் தனியாகச் செய்யாதீர்கள். கேட்பதற்கு ஒருவரைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். ஓட்டுகிறவர் காதுக்கு எல்லாச் சத்தமும் முன்னாலிருந்து வருவது போலவே இருக்கும். நான் முன்டயரை மாற்றி ஏமாந்ததே அதனால்தான். கடைசியில் என் தங்கை மகனைப் பின்னால் உட்கார வைத்தேன். அவன் செல்போனில் பதிவு செய்தபடியே வந்து, "பெரியம்மா, இது பின்னாலதான்" என்றான்.

அப்புறம் டயரைப் பார்ப்பது. வண்டி நிழலில் நின்று டயர் ஆறியிருக்க வேண்டும். முதலில் கண்ணால் முழுவதும் பாருங்கள். மிகவும் தேய்ந்த டயரில் உள்ளே இருக்கும் கம்பி வெளியே நீட்டியிருக்கும், கையில் ஏறிவிடும். கம்பி இல்லை என்று தெரிந்த பிறகு உள்ளங்கையை டயர் மேல் வைத்து, சுற்றுவாக்கில் முன்னிருந்து பின்னுக்கு ஒருமுறை, பின்னிருந்து முன்னுக்கு ஒருமுறை தடவுங்கள். பிறகு குறுக்கே, உள்ஓரத்திலிருந்து வெளிஓரத்துக்கும் திரும்பவும் அதே மாதிரி. உள்ஓரம் வெளியே தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்தால் முன்சக்கரத்தின் உள்பக்கம் வெளியே வரும். பின்சக்கரத்துக்குக் கையை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். பாதி பேர் உள்ஓரத்தைப் பார்ப்பதே இல்லை. வெளியே பட்டன் (டயரில் பள்ளங்களுக்கு நடுவே கட்டி கட்டியாக நிற்கிற ரப்பர்) நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள், உள்ளே மொட்டையாகியிருக்கும்.

என் பின்டயரில் கை வைத்தபோது கிடைத்தது இது. முன்பக்கமாகத் தடவினால் வழவழவென்று போனது. திருப்பித் தடவினால் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் விரலைத் தடுத்தது, ரம்பப் பல்லைத் தடவுவது போல. கண்ணுக்கு அந்த டயரில் ஒரு குறையும் தெரியவில்லை. பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பர் இருக்கிறதே, அதன் வாலில் ஆழம் அளக்கிற கம்பி ஒன்று நீளும். அதால் அளந்தேன். பட்டனின் ஒரு விளிம்பில் பள்ளத்தின் ஆழம் 4.9 மில்லிமீட்டர், அதே பட்டனின் மறுவிளிம்பில் 4.0. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சத்தத்துக்கு அதுவே போதும்.

ஏன் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது பிடித்த இடம். என் டயர் அளவு 185/65 ஆர் 15. அதன் சுற்றளவு 1.95 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 சுற்றுக்கு மேல் சுற்றும். சாக்பீஸால் குறி வைத்து ஒரு வரிசையில் உள்ள பட்டன்களை எண்ணினேன், 64 இருந்தது. ஆக நொடிக்கு 700 தடவைக்கு மேல் பட்டன் தரையில் அறைகிறது. மனிதக் குரலைப் புரிந்துகொள்ள உதவும் ஒலிகள் இருக்கிற எல்லைக்குள்ளேதான் இந்த 700ம் விழுகிறது. அப்பாவின் மெஷின் பேச்சைக் கூட்டிக் காட்டும்போது இதையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறது. டயர் செய்கிறவர்கள் இதற்காகவே பட்டன்களை ஒரே அளவில் வைப்பதில்லை. சிறிதும் பெரிதுமாகக் கலந்து வைத்து, சத்தம் ஒரே சுருதியில் சேராமல் சிதறும்படி செய்திருப்பார்கள். விளிம்புகள் ரம்பமாகத் தேய்ந்த பிறகு ஒவ்வொரு அறையும் பலமாகிறது, அந்த ஏற்பாடு போதாமல் போகிறது.

கைக்குக் கிடைக்கிற மற்ற அடையாளங்களும் தெரிந்திருக்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்து இரண்டு ஓரமும் நன்றாக இருந்தால் காற்று கூடுதலாக இருந்திருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. ஒரே ஓரம் என்றால் சக்கரம் நிற்கிற கோணம் தப்பு. குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் சுரசுரப்பாகவும் இருந்தாலும் கோணம்தான், சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டு ஓடியிருக்கிறது. சுற்றுவாக்கில் அங்கங்கே குழிகுழியாக, தோசைக்கல்லில் குழி விழுந்த மாதிரி இருந்தால் ஷாக் அப்சர்பர் போயிருக்கலாம், அல்லது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை (பேலன்சிங் இல்லை). சக்கரம் தரையில் பதியாமல் குதித்துக் குதித்துப் போயிருக்கும். என் பின்டயரில் இருந்த ரம்பப்பல் தேய்மானம், முன்சக்கரம் இழுக்கிற வண்டிகளின் பின்டயரில் நிறையப் பார்க்கலாம். அங்கே பாரம் குறைவு, இழுவையும் கிடையாது. டயரை இடம் மாற்றாமல் விட்டுவிட்டால் இப்படி ஆகும். நான் 22,000 கிலோமீட்டர் மாற்றவில்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் அதே பக்கத்தில் மாற்றிப் போட்டுவிட்டு, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினால் டயர்தான். எனக்கு அப்படியே முன்னால் வந்துவிட்டது. ஜாக்கி போடும்போது மட்டும் அவசரம் வேண்டாம். சமதளம், ஹேண்ட் பிரேக், எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது.

காரணத்தைத் தேடுவது காற்றிலிருந்து தொடங்க வேண்டும், அதுதான் சுலபம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற சீட்டில் அளவு இருக்கும். என் வண்டிக்கு 33 பி.எஸ்.ஐ. டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்குகிற அதிகபட்சம், அதைப் பார்த்துக் காற்று வைக்காதீர்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயரில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிட்டால் காலையில் குறைவாக இருக்கும். நான் வழக்கமாகக் காற்று பிடிக்கிற இடத்து மீட்டர் 4 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. சொந்தமாக ஒரு சின்ன கேஜ் வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் பிடிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை சாதாரணக் காற்றைச் சரியாக வைத்தால் போதும்.

காற்று சரி என்றால் அடுத்து ஆட்டம். இந்த இடத்தில்தான் பலரும் ஒரு படியைத் தாண்டி நேரே அலைன்மென்ட் போடப் போய்விடுகிறார்கள், நானும் போயிருந்தேன். அலைன்மென்ட் என்பது சக்கரத்தின் கோணத்தைத் திருத்துவது. அந்தக் கோணத்தைப் பிடித்து வைத்திருக்கிற பாகமே தொளதொளவென்று இருந்தால் திருத்தி என்ன செய்ய? சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, முன்பே சொன்னபடி ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்துவிட்டு, மேலும் கீழும் கை வைத்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங், அல்லது சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு சேர்க்கிற உருண்டை மூட்டான பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராடு எண்டை, அதாவது ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, சுருள் ஸ்பிரிங் மேல் இன்னொரு கையை வையுங்கள். பேரிங் போயிருந்தால் அந்தச் சுரசுரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும்.

என் வண்டியில் கையால் ஆட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் கடப்பாரை மாதிரி ஒரு நெம்புகோலை லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற இரும்புக் கை) வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். அவை இரண்டும் சேருகிற இடத்தில் இருக்கும் இடதுபக்கப் புஷ்ஷின் ரப்பர் வாய் பிளந்த மாதிரி விரிந்தது. பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. "டீச்சர், பிரேக் போடும்போதெல்லாம் வீல் பின்னால போய்ட்டு வருது. இதை மாத்தாம எத்தனை தடவை அலைன்மென்ட் பார்த்தாலும் நிக்காது" என்றார். புது டயரின் உள்ஓரம் 6,000 கிலோமீட்டரில் போனதற்கான காரணம் அந்த ரப்பர்தான். கைக்குள் அடங்குகிற அளவு. இரண்டு பக்கமும் மாற்றினோம், ஒரு பக்கம் கிழிந்தால் மற்றதற்கும் அதே வயசுதான்.

புஷ் மாற்றிய பிறகுதான் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும். இரண்டும் வேறு வேறு. பேலன்சிங் என்பது சக்கரத்தைத் தனியாகச் சுற்றவிட்டு, எடை குறைந்த இடத்தில் ரிம்மில் சின்ன எடை வைப்பது. 80க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் இதைப் பாருங்கள். அலைன்மென்ட்டில் நம் டயரை அதிகம் தின்பது டோ. இரண்டு முன்சக்கரமும் நேராகப் பார்க்கிறதா, ஒன்றையொன்று பார்க்கிறதா, வெளியே பார்க்கிறதா என்பதுதான் டோ. பிள்ளைகளுக்கு அழிரப்பரை வைத்துக் காட்டுவேன். ரப்பரைப் பேப்பர் மேல் நேராகத் தள்ளாமல் லேசாகச் சாய்த்துத் தள்ளினால் ஒரு ஓரம் தூளாக உதிரும். ஒரு சக்கரம் போகிற திசைக்கு அரை டிகிரி விலகி நின்றால், கிலோமீட்டருக்கு 9 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகிறது என்று கணக்கு. மதுரை போய் வந்தால் 320 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் தூரம் டயரைக் குறுக்கே வைத்துத் தேய்த்த மாதிரி. சக்கரம் வெளியே பார்த்தால் உள்ஓரமும், உள்ளே பார்த்தால் வெளிஓரமும் போகும்.

கடைக்குப் போகும்போது காற்றைச் சரியாக வைத்துக்கொண்டு போங்கள். டிக்கியில் மூட்டை இருந்தால் இறக்கிவிடுங்கள். மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் அடிப்பாகத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும், திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். என் தாளில் இடது முன்சக்கரத்தின் டோ முதலில் சிவப்பில் இருந்தது, திருத்திய பிறகு பச்சை. அந்தத் தாளை வண்டிப் புத்தகத்தோடு வைத்திருங்கள், அடுத்த தடவை எந்த அளவு நகர்ந்தது என்று ஒப்பிடலாம். கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கிற கோணம்) தப்பாக இருக்கிறது, வளைத்துத் தருகிறோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். ஜாக்கி கொடுத்து பாகத்தை வளைப்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நிறைய சின்ன வண்டிகளில் கேம்பரைத் திருத்த ஏற்பாடே கிடையாது. அது தப்பாகக் காட்டினால் ஏதோ ஒரு பாகம் குழியில் அடிபட்டு வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்து மாற்றுவதுதான் வழி. வீடு திரும்பும்போது நேர் ரோட்டில் ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கோணலாக நின்றால் அன்றைக்கே திரும்பப் போய்க் கேளுங்கள்.

இதற்குப் பிறகு நடப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எல்லாம் சரி செய்துவிட்டு வெளியே வந்தால் சத்தம் அப்படியேதான் இருக்கும். காரணம் போய்விட்டது, டயரில் விழுந்த வடிவம் போகவில்லையே. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ரம்பப்பல் டயர்களை முன்னாலேயே விட்டுவைத்தேன். இழுக்கிற சக்கரம் என்பதால் அங்கே உயர்ந்த விளிம்பு மெல்லத் தேய்ந்து சமமாக வாய்ப்பு உண்டு. 3,000 கிலோமீட்டரில் இரைச்சல் நன்றாகக் குறைந்தது, கையால் தடவினால் இன்னும் லேசாகத் தட்டுப்படும். குழிகுழியாகத் தேய்ந்த டயர் இப்படித் தேறுவது கஷ்டம். ஒரு ஓரம் மொட்டையானது தேறவே தேறாது. பள்ளத்துக்கு நடுவே சின்ன மேடு போல் ரப்பர் பாலம் இருக்கும், பக்கச் சுவரில் முக்கோணக் குறி அதன் இடத்தைக் காட்டும். ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகும்போது பட்டனும் பாலமும் சமமாகிவிடும். எந்த ஒரு இடத்தில் சமமானாலும் அந்த டயர் முடிந்தது. மழையில் தண்ணீர் வெளியேற வழி இருக்காது.

மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். புதுசு இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்னால்தானே இழுக்கிறது என்று கடையில் வாதாடுவார்கள். ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பிடிப்பது நம்மால் ஆகாது. வாங்கும்போது பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்குகிற வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 3424 என்றால் 2024ஆம் வருஷம் 34ஆவது வாரம் செய்தது. நாளான ரப்பர் இறுகும், இறுகிய டயர் பட்டன் இருந்தாலும் சத்தம் போடும். பார்க்க நன்றாக இருக்கும் என்று அகலமான டயருக்குப் போனால் பெரும்பாலும் இரைச்சலும் கூடவே வரும்.

இப்போது 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறேன். முன்னால் இருப்பவை அதே பக்கம் பின்னால் போகும், பின்னால் இருப்பவை பக்கம் மாறி முன்னால் வரும். டயரில் சுழல வேண்டிய திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் பக்கம் மாற்றக் கூடாது, முன்பின் மட்டும்தான். நட்டைக் கையால் பிடித்து, நட்சத்திர வாக்கில் எதிரெதிராக முடுக்க வேண்டும். கதவு ரப்பர், தரைக்கு அடியில் ஒட்டுகிற மேட் எல்லாம் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும்தான். அவற்றைக் கடைசியில் யோசியுங்கள்.

போன மாதம் மதுரையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். மெஷின் காதில்தான் இருந்தது. கோவில்பட்டி தாண்டி வேகம் குறைத்தபோது அப்பா, "பின்னால இடதுபக்கம் டிக்கு டிக்குன்னு ஏதோ கேக்கும்மா" என்றார். எனக்குக் கேட்கவில்லை. கயத்தாறு பக்கம் ஒரு பங்க்கில் நிறுத்திக் கேஜை வைத்தேன். ஓடி வந்த சூட்டோடு 27 காட்டியது, மற்ற மூன்றும் 36. டயரைத் தடவிக்கொண்டே வந்தேன், மூன்றாவது வரிசைப் பட்டனில் ஆணித் தலை விரலில் பட்டது.